எந்தத் தேதியின் சட்டம்? ஆவண மென்பொருளும் வழக்கறிஞரின் பொறுப்பும்



சட்டம் சார்ந்த அறக்கட்டளைப் பொழிவு என்றால் அரசமைப்புச் சட்டத்தையோ நீதித்துறையின் சுதந்திரத்தையோ பற்றிப் பேசுவது மரபு. நான் மனு தயாரிக்கும் மென்பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றேன். அறக்கட்டளையார் மனமுவந்து இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. மகனைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஓடிவரும் தாய்க்கும், ஜீவனாம்சம் கேட்டு நிற்கும் பெண்ணுக்கும் சட்டம் என்பது நாம் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரும் நாலைந்து தாள்தான். அந்தத் தாள்கள் இன்று கணினியில் உள்ள ஒரு படிவத்திலிருந்து பிறக்கின்றன. அந்தப் படிவத்தில் ஓர் இரவில் ஒரு வரி மாறினால், மறுநாள் காலை பல ஊர்களில், பல பேருடைய மனுக்களில் அந்த வரி மாறியிருக்கும். இதைப் பற்றி நம் வழக்கறிஞர் சங்கங்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆவண மென்பொருளுக்கு வரும் ஒவ்வொரு புதுப்பிப்பும் சட்டத்தைப் பற்றிய ஒரு முடிவு. "இந்த இடத்தில் இனி இந்தப் பிரிவைத்தான் எழுத வேண்டும்" என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அவர் யார், எதை ஆதாரமாகக் கொண்டார், எந்தத் தேதியிலிருந்து எந்த வழக்குகளுக்கு என்று கொண்டார் என்பதெல்லாம் கையெழுத்துப் போடும் வழக்கறிஞருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் கையெழுத்துக்குப் பொருளில்லை.

படிவம் நம் தொழிலுக்குப் புதிதல்ல. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமே முதல் பின்னிணைப்பில் வழக்குரைக்கும் எதிர்வழக்குரைக்கும் மாதிரிகளைத் தந்தது. ஆறாம் கட்டளையின் மூன்றாம் விதி, பொருந்தும் இடத்தில் அந்த மாதிரிகளைப் பின்பற்றச் சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை முழுக்கப் படிவங்கள்தான். இவை போக, ஒவ்வொரு அலுவலகத்திலும் சீனியரின் பழைய கட்டு ஒன்று இருக்கும். ஜூனியராகச் சேர்ந்தவர் முதலில் கேட்கும் கேள்வி, "இதுக்கு ஒரு மாடல் இருக்கா?" என்பதுதான். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் தட்டச்சுப் பொறிகள் ஓசையிட்ட காலத்தில், அனுபவமுள்ள தட்டச்சர் மாடலைப் பாராமலே பத்திகளை அடித்துவிடுவார். படிவம் அவர் விரல்களில் இருந்தது. சட்டம் மாறினால் சீனியர் அவரைக் கூப்பிட்டு, "இனிமே இப்படிப் போடுங்க" என்று சொல்வார். மாற்றத்தைச் செய்தவரும் மாற்றத்துக்குப் பொறுப்பேற்றவரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

மென்பொருள் அந்த இருவரையும் பிரித்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க வழக்கறிஞர் அறநிறுவனத்தில் ஜேம்ஸ் ஸ்ப்ரவுல் என்பவர் கேள்வி கேட்டு ஆவணத்தை உருவாக்கும் ஒரு நிரலை உருவாக்கினார். 1980களில் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் அதே வழியில் ஆய்வு நடந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் 1990களில் சந்தைக்கு வந்த ஹாட்டாக்ஸ். பின்னர் ஃபிலடெல்ஃபியாவின் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஜானதன் பைல், டாக்அசெம்பிள் என்ற திறந்த மூல நிரலை எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இவற்றின் அடிப்படை ஒன்றே: ஆவணத்தில் மாறும் இடங்களுக்குப் பெயர் வைப்பது, "எதிரி ஒருவரா பலரா", "மனுதாரர் மைனரா" என்ற நிபந்தனைகளைப் பத்திகளோடு கட்டுவது, ஒரு விவரத்தை ஒரே முறை கேட்டு எல்லா இடத்திலும் நிரப்புவது. வக்காலத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் மனுவிலும் ஒருவருடைய தந்தை பெயர் மூன்று விதமாக வந்து, பேப்பர் ரிட்டர்ன் ஆவதை இது தடுக்கிறது. நல்ல காரியம். நான் இதற்கு எதிரானவன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வடிவம் சார்ந்த மாற்றங்களை மென்பொருளிடம் தாராளமாக விட்டுவிடலாம். 2020 ஏப்ரல் முதல் உச்ச நீதிமன்றம் ஏ4 தாளில் இரு பக்கமும், டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் 14 புள்ளி அளவில், ஒன்றரை வரி இடைவெளியில், இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம் விட்டு அச்சிடச் சொன்னது. இதையெல்லாம் அளவுகோல் வைத்து மனிதர் பார்க்க வேண்டியதில்லை. தொகை சார்ந்த மாற்றங்களும் ஓரளவு அப்படியே. 2024 மே மாதம் தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வை 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆனது. நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி வந்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. இன்றைய உரையின் பெரும்பகுதியை அதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன்.

1862 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம், 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றும் 2024 ஜூலை 1 அன்று விலகி, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாட்சிய அதினியம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆகியவை வந்தன. நாம் பேச்சில் பி.என்.எஸ்., பி.எஸ்.ஏ., பி.என்.எஸ்.எஸ். என்கிறோம். தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆயின. நடைமுறைச் சட்டத்தின் 484 பிரிவுகள் 531 ஆயின. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 'சங்கலன்' என்ற செயலியில் பழைய பிரிவுக்கு நேரான புதிய பிரிவைக் காட்டும் அட்டவணையைத் தந்தது. பல அலுவலகங்களில் அந்த அட்டவணையைப் பார்த்துக் கணினியில் 'தேடி மாற்று' என்ற கட்டளையைக் கொடுத்தார்கள். சில மென்பொருள்களும் அதைத்தான் 'புதுப்பிப்பு' என்று அனுப்பின.

அதில் என்ன நேரும் என்பதை ஒரே ஒரு தொடரை வைத்துக் காட்டுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நடைமுறைச் சட்டத்தின் 397 சீராய்வுக்கானது. அது புதிய சட்டத்தில் 438. பழைய 438 முன்ஜாமீன். அது புதிய சட்டத்தில் 482. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், நாம் குவாஷ் மனு போடும் பிரிவு. அது புதிய சட்டத்தில் 528. இந்த மூன்று மாற்றங்களையும் ஏறுவரிசையில் கட்டளையாகக் கொடுத்துப் பாருங்கள். முதல் கட்டளையில் சீராய்வு மனுக்களின் 397 எல்லாம் 438 ஆகும். இரண்டாம் கட்டளையில், முன்ஜாமீன் மனுக்களின் பழைய 438ஓடு சற்று முன் உருவான 438ம் சேர்ந்து 482 ஆகும். மூன்றாம் கட்டளையில் எல்லாமே 528 ஆகிவிடும். சீராய்வு, முன்ஜாமீன், குவாஷ் மூன்றும் ஒரே பிரிவின் கீழ் வந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் தோன்றாது. இதே மூன்று கட்டளைகளைக் கடைசியிலிருந்து கொடுத்தால் ஒரு தவறும் வராது.

இது ஒரு தொடர் மட்டும். ஜீவனாம்சத்துக்கான பழைய 125, புதிய 144. தமிழ்நாட்டில் படிக்காதவருக்கும் தெரிந்த 144 தடை உத்தரவு, புதிய 163. பழைய 163, வாக்குமூலம் வாங்கும்போது ஆசை காட்டக்கூடாது என்ற பிரிவு, புதிய 182. தண்டனைச் சட்டத்திலும் இதே கதை. கொலைக்கான 302 இன்று 103(1). ஆனால் பி.என்.எஸ்.ஸிலும் 302 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொற்களை உச்சரிப்பது பற்றியது. பழைய எண் புதிய சட்டத்தில் இல்லாமல் போயிருந்தால் பிழை தானாகத் தெரிந்திருக்கும். பழைய எண் வேறு பொருளோடு உயிரோடிருப்பதுதான் ஆபத்து.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த ஆபத்து இன்னும் ஒரு படி கூடுதல். இங்கே ஜாமீன், முன்ஜாமீன், குவாஷ் மூன்றுமே கிரிமினல் ஓ.பி. என்ற ஒரே வரிசையில்தான் எண் பெறுகின்றன. மனு எந்த வகை, எந்த நீதிபதியின் பட்டியலுக்குப் போக வேண்டும் என்பதை டாக்கெட்டில் உள்ள பிரிவு எண்தான் காட்டும். எண் தவறினால் பேப்பர் ரிட்டர்ன் ஆகும், திருத்தி மறுபடி போட வேண்டும். நமக்கு அது இரண்டு நாள் தாமதம். கைதுக்குப் பயந்து ஊர் ஊராக அலைபவருக்கு அந்த இரண்டு நாள் மிக நீண்டது.

எண்களைச் சரியான வரிசையில் மாற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை. நம் குவாஷ் மனுக்களில் ஹரியானா மாநிலம் எதிர் பஜன்லால் தீர்ப்பை மேற்கோள் காட்டாதவை குறைவு. அந்தத் தீர்ப்பின் பத்திகளில் 482 என்றுதான் இருக்கும், இருக்க வேண்டும். மனுவின் தலைப்பில் 528, மேற்கோளில் 482. 'எல்லாவற்றையும் மாற்று' என்ற கட்டளைக்கு இந்த வேறுபாடு தெரியாது. உச்ச நீதிமன்றம் எழுதாத ஒன்றை உச்ச நீதிமன்றத்தின் பெயரில் அச்சிட்டு நாம் நீதிபதியிடம் கொடுத்துவிடுவோம். நீதிமன்றத்தின் சொல்லைத் திரித்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் உரையின் மையத்துக்கு வருகிறேன். புதிய சட்டம் வந்ததால் பழைய சட்டம் இறந்துவிடவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 20(1) பிரிவு, குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் ஒருவரைத் தண்டிக்கலாம் என்கிறது. ஆகவே 2024 ஜூன் 30 இரவு வரை நடந்த குற்றத்துக்குத் தண்டனைச் சட்டம்தான். அதே வேளையில் பி.என்.எஸ்.எஸ். 531(2), அந்தச் சட்டம் வந்த நாளில் நிலுவையில் இருந்த மேல்முறையீடு, மனு, விசாரணை, புலன்விசாரணை ஆகியவை பழைய நடைமுறைப்படியே தொடர வேண்டும் என்கிறது. சாட்சியச் சட்டத்துக்கும் இப்படி ஒரு காப்புப் பிரிவு இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஜூன் 28 அன்று ஒரு கிராமத்தில் வாய்த்தகராறு முற்றி, கம்பால் அடித்துக் காயம். காவல் நிலையத்தில் புகார் பதிவானது ஜூலை 3. அப்படியானால் குற்றப் பிரிவுகள் நமக்குப் பழகிய 294(பி), 324, 506(2) என்று தண்டனைச் சட்டத்தில் இருக்கும். முதல் தகவல் அறிக்கை பி.என்.எஸ்.எஸ். 173இன் கீழ் பதிவாகும். முன்ஜாமீன் மனு 482இன் கீழ். இதே சண்டை ஜூலை 2இல் நடந்திருந்தால் குற்றப் பிரிவுகளும் மாறி 296(பி), 118(1), 351(3) என்று வரும். புகார் ஜூன் 29இலேயே பதிவாகிவிட்டது, முன்ஜாமீன் மட்டும் ஜூலை 5இல் போடுகிறோம் என்றால்? புலன்விசாரணை பழைய சட்டப்படி நடக்கும். மனுவோ ஜூலை 1க்குப் பின் பிறந்தது, ஆகவே புதிய சட்டத்தின்கீழ் வரும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024 ஜூலையிலேயே சொன்னது. ஜூலை 1க்குப் பின் தாக்கலாகும் மேல்முறையீடுகளைப் பற்றிக் கேரள உயர் நீதிமன்றமும் அதே மாதத்தில் இந்தத் திசையில்தான் தீர்ப்பளித்தது.

ஆக, ஒரே மனுவுக்கு மூன்று தேதிகள் தேவை: குற்றம் நடந்த தேதி, வழக்கு தொடங்கிய தேதி, நாம் மனு தாக்கல் செய்யும் தேதி. இந்த மூன்றையும் கேட்காத மென்பொருள் சரியான மனுவைத் தர முடியாது. பழைய படிவத்தை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதும் புதுப்பிப்பு, இன்னும் பல ஆண்டுகள் நம் நீதிமன்றங்களில் நடக்கப்போகும் பழைய வழக்குகளை அநாதையாக்குகிறது. 2019இல் நடந்த கொலைக்கு இன்று அமர்வு நீதிமன்றத்தில் விசாரணை நடக்கிறது. 2023இல் பதிவான ஒரு வழக்குக்கு 2030இல் சீராய்வு வரலாம். அப்போது 302ம் வேண்டும், 103ம் வேண்டும். படிவத்துக்கு 'பழையது', 'புதியது' என்று பெயர் வைப்பது தவறு. 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று வைப்பதே சரி. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா மாநிலம் 1997 முதல் தன் சட்டங்களை இந்த முறையில் வைத்திருக்கிறது. ஒரு தேதியைக் கொடுத்தால் அந்த நாளில் அந்தச் சட்டம் எப்படி இருந்ததோ அப்படியே காட்டும். சிறு மாநிலம்தான், செய்துவிட்டார்கள்.

எண் மாற்றத்தோடு சட்டத்தின் உள்ளடக்கமும் மாறியிருக்கிறது. இதைத்தான் அட்டவணைகள் மறைத்துவிடுகின்றன. தனிப்புகாருக்கான பழைய 200 புதிய 223 ஆனது என்று அட்டவணை காட்டும். ஆனால் 223இல் ஒரு புதிய நிபந்தனை நுழைந்திருக்கிறது. புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பிறகு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், காசோலை வழக்குகளில், அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138இன் புகார்களில், அந்தக் கட்டத்தில் எதிரியை அழைக்கத் தேவையில்லை என்றது. புகாரின் முன்பகுதியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு சுருக்கக் குறிப்பு வைக்கவும் சொன்னது. ஒரே பிரிவுக்கு ஒன்றேகால் ஆண்டுக்குள் இரண்டு முறை படிவம் மாற வேண்டியிருக்கிறது, அதுவும் வழக்கின் வகையைப் பொறுத்து. பழைய 156(3) இன்று 175(3). அதில் மனுவோடு பிரமாணப் பத்திரமும், முன்னதாகக் காவல் கண்காணிப்பாளரிடம் முறையிட்டதற்கான விவரமும் சட்டத்திலேயே கேட்கப்படுகின்றன. எண்ணை மட்டும் மாற்றிய மாடலில் அந்தப் பத்தி இருக்காது.

இன்னொன்று, மின்னணுச் சான்றிதழ். சாட்சியச் சட்டத்தின் 65பி(4)க்குச் சட்டம் தந்த வடிவம் எதுவும் இல்லை. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்த பிறகு, ஒவ்வொருவரும் ஒரு பத்தியை எழுதி வைத்துக்கொண்டோம். பி.எஸ்.ஏ. 63(4) அட்டவணையிலேயே வடிவத்தைத் தந்துவிட்டது. முதல் பகுதியைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை வல்லுநர் நிரப்ப வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாதிரி, நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. எண், அதோடு கோப்பின் ஹேஷ் மதிப்பு. ஹேஷ் மதிப்பு என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஒரு கைரேகை. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, அவருடைய கைபேசியைப் பார்க்காமலே சான்றிதழ் அடிக்கும் பழக்கம் இனிச் செல்லாது. நல்ல மென்பொருள் இந்த இடத்தில் காலிக் கட்டத்தை நிரப்பாமல் அச்சிட மறுக்க வேண்டும். வழக்கறிஞரை நிறுத்தி வைப்பதும் மென்பொருளின் கடமைதான்.

தமிழில் மனு எழுதும் மாவட்ட, வட்ட நீதிமன்ற வழக்கறிஞர்களின் நிலை இதைவிடக் கடினம். நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழக்கு மொழி. ஆனால் நம் தமிழ்க் கோப்புகளில் பெரும்பகுதி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது. அவற்றில் திரையில் 'அ' என்று தெரிவது கோப்புக்குள் வேறு ஓர் எழுத்தின் எண்ணாகவே இருக்கும். மென்பொருள் 438 என்ற இலக்கத்தைக் கண்டுபிடித்துவிடும். அதன் முன்னால் 'பிரிவு' என்ற சொல் இருக்கிறதா, 'சர்வே எண்' என்ற சொல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சொத்து விவரத்தில் உள்ள சர்வே எண்ணையும் அது மாற்றிவிடும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதன் பிறகும் நாம் பழைய எழுத்துருவில் மாடல் சேர்ப்பது, நம் உழைப்பை நாமே பூட்டி வைப்பதாகும். ஆங்கிலப் படிவங்களுக்குப் புதுப்பிப்பு அனுப்பும் நிறுவனங்கள் தமிழ்ப் படிவங்களுக்கும் அதே கவனத்தைத் தர வேண்டும் என்று கேட்கும் உரிமை சந்தா கட்டும் நமக்கு உண்டு. ஓர் ஊரில் நாலு வழக்கறிஞர் வாங்குவார்கள், அதற்கு இவ்வளவு உழைப்பா என்று அவர்கள் கேட்கக்கூடும். கட்சிக்காரர் பெரும்பாலும் அந்த ஊரில்தான் இருக்கிறார் என்பதே என் பதில்.

இப்போது இந்த மென்பொருள்களுக்கு வரும் புதுப்பிப்புகளில் பெரியது செயற்கை நுண்ணறிவு. கேள்விகளைக் கேட்டுப் படிவத்தை நிரப்பிய நிரலின் இடத்தில், "முன்ஜாமீன் மனு எழுது" என்றால் மனுவையே எழுதித் தரும் நிரல் வந்திருக்கிறது. பழைய வகை நிரலில் ஒரே விவரத்துக்கு ஒரே ஆவணம்தான் வரும். எங்கே தவறு என்று தேடிப் பிடிக்கலாம். புதிய வகை அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் எழுதும், ஆதாரத்தையும் தானே கோத்துவிடும். 2023 ஜூன் 22 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு பிறப்பித்த ஓர் உத்தரவு, இல்லாத தீர்ப்புகள் அதில் மேற்கோளானதால் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் மாவட்ட நீதித்துறைக்கு ஒரு கொள்கை வகுத்து, தீர்ப்புக்கும் முடிவுக்கும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது என்றது.

இந்தக் கருவிகள் கற்றது பல பத்தாண்டுச் சட்ட இலக்கியத்தை. அதில் 438 என்றால் முன்ஜாமீன், 482 என்றால் உள்ளார்ந்த அதிகாரம், 302 என்றால் கொலை. புதிய சட்டத்துக்கு வயது சில ஆண்டுகள்தான். எனவே இக்கருவி நம்மிடம் பழைய சட்டத்தைப் புதிய நம்பிக்கையோடு சொல்லும். 482 என்று கேட்டால் எதைச் சொல்லும் என்பது அன்றைய நிலையைப் பொறுத்தது. தேதி என்ற உணர்வே இல்லாத ஒன்றிடம் தேதியை நம்பியிருக்கும் வேலையைக் கொடுப்பதற்கு முன் நாம் மிக நிதானமாக யோசிக்க வேண்டும். கட்சிக்காரர் நம்மிடம் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை, பழைய 126, இன்று பி.எஸ்.ஏ. 132, நம் தலைமேல் இருக்கிறது. அந்த ரகசியத்தை எங்கோ உள்ள கணினிக்கு அனுப்பி மனு எழுதச் சொல்வது அந்தக் கடமையோடு எப்படிப் பொருந்தும் என்றும் யோசிக்க வேண்டும்.

மென்பொருள் ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: உள்ளடக்கத்தின் சரித்தன்மைக்குப் பயனரே பொறுப்பு. நாமும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறோம். 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், சேவைக் குறைபாட்டுக்காக வழக்கறிஞர்மீது நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. நம் தொழில் தனித்தன்மை வாய்ந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மென்பொருள் நிறுவனம் பொறுப்பேற்கவில்லை, நுகர்வோர் நீதிமன்றமும் இல்லை என்றால், அந்த எளிய கட்சிக்காரருக்கு மிச்சமிருப்பது நம் கவனம் ஒன்றுதான். அந்தப் பாதுகாப்பைப் பெற்ற நாம் கவனத்தை இரட்டிப்பாக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே மென்பொருள் விற்பவர்களிடம் நாம் சிலவற்றைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்போடும் எந்தப் படிவத்தில் எந்த வரி மாறியது, பழைய வரி என்ன, எந்தச் சட்டம் அல்லது தீர்ப்பின்படி மாறியது, அதைச் சரிபார்த்த வழக்கறிஞர் யார் என்று ஒரு பட்டியல் வர வேண்டும். நாம் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை நம் படிவம் மாறக்கூடாது. பழைய படிவம் அழியக்கூடாது. சந்தா முடிந்தாலும் நாம் தயாரித்தவை சாதாரணக் கோப்பாக நம்மிடம் இருக்க வேண்டும். பெரிய அலுவலகங்கள் இதைப் பேரம் பேசி வாங்கிவிடும். தனியாளாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞரால் முடியாது. அவருக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழி அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 227(2) பிரிவு, தனக்குக் கீழுள்ள நீதிமன்றங்களின் நடைமுறைக்குப் பொது விதிகளை ஆக்கவும் படிவங்களை வகுக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பி.என்.எஸ்.எஸ். 522, இரண்டாம் அட்டவணையின் படிவங்களைக் குறிப்பிடும்போது அந்த 227க்கு உட்பட்டே என்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் இந்த அதிகாரத்தைக் கொண்டு ஒரு பொதுப் படிவத் தொகுப்பை வெளியிட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒருங்குறியில், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி, ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் அது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வழக்குகளுக்கு என்ற குறிப்போடு அது இருக்க வேண்டும். மாறும்போது பழையது அருகிலேயே கிடைக்க வேண்டும். தனியார் மென்பொருளும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும், அப்போது எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருக்கும். தொகுக்கும் வேலையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் பங்கேற்கலாம். பார் கவுன்சில் மேற்பார்வையிடலாம்.

உயர் நீதிமன்றம் முடிவெடுக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அவையில் உள்ள இளம் வழக்கறிஞர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து முன்ஜாமீன், ஜாமீன், ஜீவனாம்சம், தனிப்புகார், மின்னணுச் சான்றிதழ் ஆகிய ஐந்தோடு தொடங்குங்கள். பழைய சட்டத்துக்கு ஒன்று, புதிய சட்டத்துக்கு ஒன்று என்று பத்துப் படிவங்கள். என் அலுவலகத்தில் உள்ள மாடல்கள் முழுவதையும் தருகிறேன், ஒவ்வொன்றையும் உங்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கவும் வருகிறேன். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.